அலமேலுக்கு நான் அனுப்பின கசப்பு

1

நெல்லிவாசல் நாட்டு மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு, உங்க கூடப் படிக்கிற கோவிந்தனோட நைனா சின்னசாமி மலேசியாவுல இருந்து எழுதறது.

உங்க டீச்சர் கோவிந்தன்கிட்ட சொல்லி அனுப்பி ரெண்டு மாசம் ஆவுது. "உங்க அப்பா சாக்லேட் மரம் வளக்கிற எடத்துல வேலை செய்யறாராமே, சத்தான சாப்பாட்டப் பத்தி நம்ம பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லு"ன்னாங்களாம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். பேனாவப் பிடிச்சா கை வலிக்குது. அதனால தள்ளித் தள்ளிப் போட்டேன். போன வாரம் ஒரு பேப்பர் வந்துச்சு. அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

இந்த நாட்டுல எங்கள மாதிரி வேலைக்கு வந்தவங்க வருசா வருசம் ஒடம்பக் காட்டணும். நெஞ்சைப் படம் பிடிப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. எல்லாம் சரியா இருக்குதுன்னு பேப்பர் வந்தாத்தான் இன்னொரு வருசம் இருக்க விடுவாங்க. பேப்பர் வர்ற வரைக்கும் சோறு இறங்காது. எனக்கு அவங்க பாஷை படிக்கத் தெரியாது. எங்க மேஸ்திரி மாரி அண்ணன்தான் படிச்சுச் சொல்வாரு. அவரு இங்கயே பொறந்து வளந்த தமிழரு, இந்த ஊருப் பழக்கத்துல பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவாரு.

"பாஸ் லா நீ!"ன்னாரு. "ரத்தம் எரும மாட்டு ரத்தமாட்டம் கெட்டியா இருக்கு. என்னாடா திங்கிற?"

"நீ திங்கிறதத்தான்ணே."

"நான் திங்கிறது ரொட்டியும் இனிப்பு டீயும். எனக்கு சுகரு. நீ திங்கிறது வேற லா, எனக்குத் தெரியாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்தப் பேப்பர மடிச்சுச் சட்டையில வெச்சுக்கிட்டு கொட்டாய்க்குப் பின்னாடி போய் நின்னேன். எட்டு வருசமா என் ரத்தம் நல்லா இருக்குது. என் பொண்ணு ரத்தம்தான் இல்லாமப் போச்சு.

2

மொதல்ல டீச்சர் கேட்டத எழுதிடறேன்.

கோக்கோ மரம் நம்ம ஊரு கொய்யா மரம் ஒசரந்தான் இருக்கும். காய் கிளை நுனியில தொங்காது. பலா காய்க்கிற மாதிரி நடு மரத்துலயே ஒட்டிக்கிட்டுக் காய்க்கும். மஞ்சளாவும் செவப்பாவும், மேல வரி வரியா. கத்தியால சுத்திக் கீறித் திருகுனா ரெண்டாப் பிரிஞ்சிடும். உள்ள பாத்தா சீத்தாப்பழம் மாதிரி வெள்ளையா சதை, சதைக்குள்ள கொட்டை. அந்தச் சதைய வாயில போட்டுச் சப்பினா புளிப்பும் இனிப்புமா இருக்கும். உங்கள இங்க விட்டா ஒரு மரம் மிஞ்சாது.

அப்புறம் கொட்டைய மரப்பெட்டியில கொட்டி, வாழை இலை போட்டு மூடி வெப்போம். ஆறு நாள்ல அது தானாவே சூடேறும். கைய விட்டா கொதிக்கும். ஆறாவது நாள் எடுத்து வெயில்ல காய வெச்சா பழுப்பு நிறம் வந்துரும். மத்த எடத்துல இத வறுத்து, சக்கரையும் பாலும் சேத்து சாக்லேட் பண்ணுவாங்க. எங்க தோட்டத்துல வறுக்கறதில்ல. பச்சையாவே ஒடச்சு, தோல நீக்கி, பருப்ப மட்டும் டப்பாவுல போட்டு விக்கிறோம்.

தோல் நீக்க காத்தடிக்கிற மெசின் இருக்குது. ஆனா மெசின் விட்டதப் பொறுக்க என்னைத்தான் கூப்புடுவாங்க. நான் சாமை புடைச்ச கை. மொறத்த ரெண்டு தட்டுத் தட்டினா தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். மொதல் நாள் அதப் பாத்துட்டுத்தான் சீன முதலாளியம்மா எனக்கு இந்த வேலையக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் கட்டட வேலையில மண்ணு சுமந்தேன்.

பருப்பு எப்பிடி இருக்கும்னா, கடுக்காய மென்ன மாதிரி மொதல்ல தொவர்ப்பு, பின்னாடியே கசப்பு. கொஞ்ச நேரம் அப்பிடியே வெச்சிருந்தா கடைசியில நாக்கு ஓரத்துல பழ வாசனை வரும். அது வர்ற வரைக்கும் பொறுக்கணும்.

என் சாப்பாடு இதுதான். காலையில கேவுரு கூழு, அதுல மோர், ஒரு கரண்டி கோக்கோப் பருப்பு. கேவுரு இங்க நம்மாளுங்க கடையில பாக்கெட்டுல கெடைக்கும். மத்தியானம் சோறு, பருப்புக் கொழம்பு. நாங்க தங்குற எடத்துக்குப் பின்னாடி ஒரு முருங்க மரம் இருக்குது, அதுல கீரை. வேர்க்கடலை, வாழைப்பழம். வாரத்துல ரெண்டு நாள் மீனு. அவ்வளவுதான். டவுன்ல இருந்து ஆளுங்க காரு போட்டுக்கிட்டு தோட்டத்தப் பாக்க வருவாங்க. நான் காய வெட்டிக் காட்டணும். "நீங்க எப்பிடிச் சாப்புடுவீங்க?"ன்னு கேப்பாங்க. நான் தெரிஞ்ச நாலு வார்த்தையில சொல்வேன். "சக்கரை வேணாம். கொஞ்சமா, தெனமும், கூழுல." அவங்க போன்ல படம் பிடிச்சுக்குவாங்க. பெரிய டாக்டர் சொன்ன மாதிரி தலையாட்டுவாங்க.

பிள்ளைங்களே, நான் ஊராருக்கெல்லாம் இதச் சொல்லிக்கிட்டு இருந்த நாள்ல என் வூட்டுக்கு இன்னா அனுப்பினேன் தெரியுமா?

3

பால் சாக்லேட். கிரீம் பிஸ்கட். கலர் கலரா ஜெல்லி மிட்டாய். மூணு மாசத்துக்கு ஒரு பொட்டி.

நான் வரும்போது என் பொண்ணு அலமேலுக்கு ஒன்றரை வயசு. நடுவுல ஒரு தரம் நாப்பது நாள் லீவுல வந்தேன், அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. வந்த மொத நாள் என்னைப் பாத்துட்டு அம்மா பின்னாடி ஒளிஞ்சா. பொட்டியத் தொறந்து ஒரு சாக்லேட்ட எடுத்து நீட்டினேன். மெதுவா வந்தா. வாங்கிக்கிட்டு, "நீதான் நைனாவா?"ன்னு கேட்டா. அப்பப் பிடிச்சிக்கிட்டது எனக்கு அந்த நெனப்பு. சாக்லேட் கொடுத்தா நைனா.

அதுக்கப்புறம் நான் ஒரு பொட்டியக்கூடத் தவற விடல. கடையில நின்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, எது ரொம்ப இனிப்போ அத வாங்குவேன். போன் பண்ணும்போது என் வூட்டுக்காரி ராணி சிரிச்சுக்கிட்டே சொல்லும்: "இன்னாங்க, ஒங்க பொண்ணு நீங்க அனுப்புறதத் தவிர எதையும் தொட மாட்டேங்குறா. களி போட்டா தட்டத் தள்ளுறா. 'எனக்கு நைனா சாப்பாடு போதும்'ங்கிறா."

அதக் கேட்டு நான் இன்னா பண்ணியிருக்கணும்? ஒரு அப்பனா இருந்தா திட்டியிருக்கணும். நான் சந்தோசப்பட்டேன். கூட வேலை செய்யறவங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். எம் பொண்ணுக்கு நான் அனுப்புனாத்தான் தொண்டையில இறங்குமாம்னு.

நான் அனுப்புன பணத்துல வூட்டுல சாமை போடறத விட்டாங்க. ரேசன் அரிசி இருக்குது, பத்தாததுக்குக் கடையரிசி வாங்கிக்கலாம், எதுக்கு ஒடம்பு நோவணும்னு நான்தான் சொன்னேன். ராணி ரெண்டு தரம் கேட்டுச்சு, "கேவுரு மட்டுமாவது வெதைக்கட்டுமா?"ன்னு. வேணாம்னேன்.

4

போன வருசம் ஒரு நாள் காலையில பள்ளிக்கூடத்துல பிரேயர் நடக்கும்போது அலமேலு கீழ விழுந்துட்டா. உங்கள்ல சில பேரு பாத்திருப்பீங்க. அவள ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனப்ப கூடவே ஓடினவங்களுக்கு நான் இங்க இருந்தே கும்புடறேன்.

கோவிந்தன்தான் போன் பண்ணினான். எங்க ஊர்ல பெரிய பாறை மேல ஏறினாத்தான் டவர் கெடைக்கும். ஏறி வந்த மூச்சு வாங்குது அவனுக்கு.

"நைனா, பாப்பாவுக்கு ரத்தமே இல்லியாம்."

"ரத்தம் இல்லன்னா? அடிபட்டுச்சா?"

"அடியெல்லாம் படல. ஒடம்புல ஊறலியாம். கண்ண இழுத்துப் பாத்தாங்க, வெள்ளையா இருக்குதாம். நர்சம்மா அம்மாவக் கேட்டாங்க, இன்னாம்மா குடுக்கிற இந்தப் புள்ளைக்குன்னு."

"அம்மா இன்னா சொன்னா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன், எங்க நைனா சாக்லேட் அனுப்புறாருன்னு."

அன்னிக்கு நான் மொறத்தக் கையில எடுத்தேன், தட்ட முடியல. பருப்பும் தோலும் ஒண்ணாக் கொட்டுச்சு. மாரி அண்ணன் வந்து, "போடா, போய் ஒக்காரு"ன்னு மொறத்த வாங்கிக்கிட்டாரு.

5

மாத்திரை குடுத்தாங்க. கேவுரு, முருங்கக் கீரை, முட்டை, கடலை, நெல்லிக்காய் சாப்புடச் சொன்னாங்க. எல்லாம் நம்ம மலையில இருக்கிறதுதான். எனக்கு மனசு கேக்கல. நானும் ஏதாவது அனுப்பணும். இனிப்ப அனுப்பிப் பண்ணின தப்ப நல்லத அனுப்பி சரி பண்ணணும்னு தோணிப்போச்சு. இந்தக் கோக்கோப் பருப்புல சத்து இருக்குதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றேன், எம் பொண்ணுக்கு அனுப்ப மாட்டேனா?

தபால் ஆபீசுல அந்தம்மா, "இது வெதையா? மொளைக்குமா?"ன்னு கேட்டாங்க. மொளைக்காது, ஒடச்சதுன்னு சொல்லத் தெரியல எனக்கு. கையால ஒடச்சுக் காட்டினேன், அவங்க இன்னும் பயந்துட்டாங்க. வெவசாய ஆபீசுல இருந்து பேப்பர் வேணும்னாங்க. முதலாளியம்மா எழுதிக் கொடுத்து, மூணு தரம் பஸ் ஏறிப் போயி, கடைசியில வாங்கிக்கிட்டாங்க. அங்க சென்னையில சுங்க ஆபீசுல அது ஒரு மாசம் கெடந்துச்சு. அப்புறம் ராணி ஆதார் கார்ட எடுத்துக்கிட்டு ஷேர் ஜீப்புல திருப்பத்தூர் வரைக்கும் ரெண்டு தரம் போய் வாங்கிட்டு வந்துச்சு.

இவ்வளவு பாத்தவன் ஒண்ண மட்டும் பாக்கல. பொட்டிக்குள்ள ஒரு சீட்டு எழுதி வெக்கல. இது இன்னா, ஏன் கசக்கும், கூழுல எப்பிடிப் போடணும், ஒண்ணுமே எழுதல. போன்ல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

பொட்டி வந்த சேதிய ராணி எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அலமேலு அதப் பிரிச்சுட்டா. எப்பவும் அவதான் பிரிப்பா. உள்ள ஒரே ஒரு டப்பா. ஒரு கை அள்ளி வாயில போட்டிருக்கா.

6

இத எழுதறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துப் பழக்கம் ஒண்ணச் சொல்லணும். உங்க வூட்டுலயும் தம்பி தங்கச்சிக்குப் பண்ணிப் பாத்திருப்பீங்க. கொழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறப்ப அம்மாக்காரி நெலவேம்பு அரைச்சுத் தடவிக்குவா. புள்ள வாய வெக்கும், கசக்கும், அழும். மறுபடி வரும், மறுபடி கசக்கும். மூணு நாள்ல மறந்துரும். அந்த மூணு நாளும் புள்ளைய அப்பன்தான் தூக்கி வெச்சிருக்கணும். அம்மாகிட்ட கசப்பு, அப்பன்கிட்ட வெல்லம். எங்க வூட்டு வழக்கம் அது. அலமேலுக்கு அப்பிடிப் பண்ணினது நான் கெளம்பறதுக்கு முந்தின வாரம். என் தோள்ல போட்டுக்கிட்டு மூணு நாள் சுத்தினேன்.

அலமேலு துப்பிட்டு ஓடி வந்து அண்ணன்காரன்கிட்ட காட்டியிருக்கா. "டேய், இது கெட்டுப்போச்சாடா?"

கோவிந்தனும் வாயில போட்டுட்டு மொகத்தச் சுளிச்சிருக்கான். வெளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கான், அவன் மேல தப்பில்ல: "கெட்டெல்லாம் போவல. நைனா ஒன்ன பால் மறக்கடிக்கிறாரு. கசப்பத் தடவிட்டாரு பாரு. இனிமே நைனா நைனான்னு போவாதே."

அவ சிரிக்கல. "நெஜமாவா?"ன்னு கேட்டிருக்கா.

"பின்ன? இவ்ளோ நாளா இனிப்பு, இப்ப கசப்பு. இன்னாத்துக்குன்னு நெனைக்கிற?"

அந்த வாரம் நான் போன் பண்ணினப்ப அலமேலு வரல. அடுத்த வாரமும் வரல.

"குடுடா அவகிட்ட."

"ஆடு மேய்க்கப் போய்ட்டான்னு சொல்லச் சொல்றா நைனா."

"ஏது ஆடு?"

"அதான் நானும் கேட்டேன். நம்மகிட்ட ஆடே இல்லியேடின்னேன். அப்ப வாங்குனப்புறம் மேய்க்கப் போறேன்னு சொல்லுங்குறா."

ராணிகிட்ட கேட்டு எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டேன். "நீ சொல்லுடி, அது அப்பிடி இல்லன்னு சொல்லு. அவ நல்லதுக்குத்தான் அனுப்பினேன்னு சொல்லு."

ராணி சொன்ன பதில நான் மாத்தாம எழுதறேன். "சொன்னேங்க. அவ ஒண்ணு கேட்டா. 'நீயும் என் நல்லதுக்குத்தானம்மா கசப்பு தடவினே'ன்னா."

பிள்ளைங்களே, உங்கள்ல பாதிப் பேரோட அப்பாங்க திருப்பூர்லயும் கேரளாவுல மிளகுத் தோட்டத்துலயும் இருக்காங்க. அவங்களும் ஏதாவது வாங்கிட்டு வருவாங்க, கொடுத்து அனுப்புவாங்க. வாயால சொல்லத் தெரியாததப் பொட்டியில போட்டு அனுப்பற ஆளுங்க நாங்க. அதுல எதையாவது தப்பாப் போட்டுட்டா எங்களால ஓடி வந்து திருத்த முடியாது. ஒரு கடலு நடுவுல கெடக்குது. லீவு கெடைக்காம வேலை பெர்மிட்டு நடுவுல கெளம்பி வந்தா திரும்ப இங்க வேலைக்கு வர முடியாது. அப்பா தப்புப் பண்ணினா கேட்டுடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க. பேசாம இருந்தா எங்களுக்கு எங்க தப்புன்னே தெரியாது.

அலமேலு பேர மாத்தி எழுதலாம்னு பாத்தேன். மாத்துனா இவளுக்குன்னு எழுதுனது வேற யாருக்கோ போயிரும். டீச்சர், இதப் போடலாமா வேணாமான்னு அவளக் கேட்டுட்டுப் போடுங்க.

7

ஏழு மாசம் கழிச்சு, முந்தாநேத்து ஞாயித்துக்கிழமை, அலமேலு போனுக்கு வந்தா. ராணி புடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருக்கும் போல. வெயில் நல்லா அடிக்குது, பாறை மேல இந்த வருசம் வெளைஞ்ச கேவுரு காய வெச்சிருக்காங்கன்னு கோவிந்தன் சொன்னான். நான் வேணாம்னு நிறுத்தினத ராணி என்னைக் கேக்காமலே மறுபடி வெதைச்சிருக்குது. நல்ல வேளை என்னைக் கேக்கல.

"நைனா."

"எப்பிடிம்மா இருக்கே?"ன்னேன்.

"நல்லாக்கிறேன். ஆஸ்பத்திரியில மறுபடி ரத்தம் பாத்தாங்க. ஏறிடுச்சாம். மாத்திரை போதும்னுட்டாங்க. நர்சம்மா எனக்குக் கை குடுத்தாங்க."

"இன்னா சாப்புட்டே?"

"காலையில கூழு. கீரை. மத்தியானம் பள்ளிக்கூடத்துல முட்டை. அம்மா சாமைச் சோறு ஆக்கும். வேர்க்கடலை. நெல்லிக்காய் அண்ணன் பறிச்சிட்டு வருவான், பாதிய அவனே துன்னுருவான்."

"நான் அனுப்புனது? அது கசக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல நைனா. துன்னுட்டேன். தெனம் நாலு. எல்லாம் தீந்து போச்சு."

"கசக்கலியாம்மா?"

"மொதல்ல அழுகையா வரும். அப்பறம் பழகிடுச்சு."

இத அவ சொன்ன விதம் இருக்குதே, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னா. கோவமில்ல. அழுகையில்ல. முடிச்சிட்ட வேலையச் சொல்ற கொரலு. அவசரத்துல என் வாயில வந்தது இதான்: "இன்னொரு டப்பா அனுப்பட்டுமா? கூட நீ கேக்கற சாக்லேட்டும் வெக்கிறேன். இன்னா வேணும் சொல்லு."

"வேணாம் நைனா. பொட்டியே அனுப்பாத. இங்கயே எல்லாம் கீது."

சரிதான். நான் ஊருக்கெல்லாம் சொல்றதத்தான் அவ எனக்குச் சொன்னா. நான்தான் சொல்ல வேண்டியது ஒண்ண வெச்சிருந்தேன். ஏழு மாசமா மொறம் தட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்த வார்த்தை. அலமேலு, நான் ஒன்ன மறக்கடிக்க அனுப்பல, எனக்கு அனுப்பத் தெரியலன்னு.

"அலமேலு, கேளும்மா, நான் அத வந்து..."

"அம்மா! மழ!"

போன் எங்கயோ விழுந்த சத்தம். கேவுரு மேலதான் விழுந்திருக்கணும், மெத்துன்னு கேட்டுச்சு. ராணி கத்துது, "தார்ப்பாய இழுடி! அந்தப் பக்கம் கோவிந்தா!" பொடபொடன்னு தூத்தல் பாறை மேல விழுது. தொடப்பத்தால கூட்டி வாருற சத்தம். கூடையில கேவுரு கொட்டுற சத்தம்.

"போன எடுடி, நனையுது! ஒங்க நைனா லைன்ல இருக்குறாரு!"

"கேவுரு மொதல்லமா! போனத் தொடைச்சிக்கலாம்!"

கோவிந்தன் வழுக்கி விழுந்திருக்கணும். தொப்புன்னு ஒரு சத்தம், அவன் "ஐயோ"ங்குறான், அலமேலு சிரிக்கிறா. வாய் விட்டு, மூச்சு வாங்கச் சிரிக்கிறா. அவ இப்பிடிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது. போன்ல என்கிட்ட ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்ல.

யாரோ தார்ப்பாய இழுத்து மேல போட்டுட்டாங்க. கேவுருவோட போனும் உள்ள மாட்டிக்கிச்சு. சிரிப்பு தள்ளிப் போச்சு, மழை மட்டும் தார்ப்பாய் மேல கேட்டுச்சு. நான் கட் பண்ணல. தானா அறுந்து போற வரைக்கும் காதுல வெச்சுக்கிட்டே இருந்தேன்.